மூன்றில் முடியும் காசு

முப்பத்தெட்டாவது காசைப் பார்த்து முடித்து உறைக்குள் செருகிவிட்டு லோகநாயகி நிமிர்ந்தபோது சுவர்க் கடிகாரத்தில் பத்தேகால்தான் ஆகியிருந்தது, அவளுக்கோ அரை நாள் கழிந்துவிட்டது போலிருந்தது, கழுத்தின் பின்புறம் அந்தப் பழைய வலி வந்து உட்கார்ந்துகொண்டது, முப்பது வருஷம் அரசாங்க ஆஸ்பத்திரி லேப்பில் மைக்ரோஸ்கோப்பின் மேல் குனிந்து குனிந்து சம்பாதித்த வலி, ஆனால் இன்றைக்கு அதைப் பொருட்படுத்தத் தோன்றவில்லை, ஏனென்றால் எதிரே விரிந்து கிடந்த ஆல்பத்தைப் போல ஒன்றை அவள் இதுவரை தொட்டதில்லை. பேராக் மாநிலத்தில் பழைய நாணயம் வைத்திருக்கும் வீடுகளில் பாதிக்கு மேல் போய் உட்கார்ந்து விலை சொல்லிவிட்டு வந்தவள் அவள். டத்தோ பட்டம் வாங்கிய பணக்காரர்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரிகளைப் பார்த்திருக்கிறாள், அங்கெல்லாம் தங்கமும் வெள்ளியும் மின்னும், வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார், நாம் அசந்து போக வேண்டும் என்று. இங்கே ஈப்போ புந்தோங்கில், பக்கத்து வீட்டில் கடலை வறுக்கிற வாசம் ஜன்னல் வழியாக வந்துகொண்டேயிருக்கும் இந்தச் சின்ன வீட்டில், எண்ணெய்த்துணி விரித்த சாப்பாட்டு மேசைமேல் இருப்பதெல்லாம் வெறும் செம்பு. எல்லாமே ஒரு காசு நாணயம், நூறு சேர்ந்தால் பணத்தில் ஒரு வெள்ளி. நூற்றுப் பன்னிரண்டு ஒரு காசுகள், வெள்ளைக்காரக் கம்பெனிக் காலத்தது, விக்டோரியா ராணி, அப்புறம் எட்வர்டு, ஜார்ஜ், வட்டக் காசு போய்ச் சதுரக் காசு வந்த காலம், ஒரு மனிதன் தன் ஆயுசில் வேறெதற்கும் ஆசைப்படாமல் இந்த ஒன்றை மட்டுமே தேடியிருக்கிறான். அந்த மனிதன், மரியசூசை, எதிரே பிரம்பு நாற்காலியில் இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுபத்தொரு வயது. கண்ணில் அழுத்த நோய் வந்து, போன வருஷத்தோடு பார்வை முழுவதும் போய்விட்டது. “பாக்க முடியாதவன் கையில எதுக்கு மிஸ்ஸி, பாக்குறவன் கைக்குப் போவட்டும்,” என்று, ஆஸ்பத்திரிப் பெண்களை அழைக்கும் வழக்கத்தில் அவளை மிஸ்ஸி என்றே கூப்பிடும் அவர், போன வாரம் போனில் சொன்னபோது குரலில் ஒரு வருத்தமும் இல்லை. திங்கட்கிழமை சிங்கப்பூரிலிருந்து ஏலக் கம்பெனி ஆள் வருகிறான், ஒவ்வொரு காசுக்கும் தரமும் விலையும் எழுதி மதிப்பீட்டாளர் கையெழுத்துப் போட்ட பட்டியல் அவனுக்கு வேண்டும். அந்தக் கையெழுத்துக்குத்தான் லோகநாயகி வந்திருக்கிறாள்.

“முப்பத்தொன்பது,” என்றாள் அவள், மேசையின் ஓரத்தில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு அடித்துக்கொண்டிருந்த எமில்டாவிடம், மரியசூசையின் ஒரே மகள் எமில்டா, கிளினிக் ஒன்றில் வேலை, இன்றைக்கு லீவு போட்டிருக்கிறாள். காசை வெளியே எடுக்கும்போதே கை ஒரு கணம் நின்றது, கை நிற்பது காசுக்காக அல்ல, அதைச் சுற்றி ஜன்னல் வெட்டி ஒட்டியிருந்த சின்ன அட்டைக்காக. ஒவ்வொரு அட்டையிலும் அவர் கையெழுத்து, குண்டு குண்டாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுத்து மாதிரி, எடை இவ்வளவு, கிடைத்த இடம் இது, தரம் இது. மற்ற சேகரிப்பாளர்கள் இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்து எழுதும் தரமெல்லாம் அவரிடம் கிடையாது, அவராக வைத்துக்கொண்ட வார்த்தைகள், ‘முழிச்சிருக்குது’ என்று ஒரு தரம், புழக்கத்துக்கே போகாத காசு, ராணியின் கூந்தல் இழை இழையாகத் தெரிவது. ‘நடந்தது’ என்று ஒரு தரம், கை மாறிக் கை மாறிக் கொஞ்சம் தேய்ந்தது. ‘களைச்சது’, முகம் மழுங்கியது. ‘தூங்கிருச்சு’, வருஷம்கூடப் படிக்க முடியாதது. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்பு நாணயக் கழகத்தில் இதைச் சொல்லி அவரைக் கேலி செய்வார்கள், அவளும் சிரித்திருக்கிறாள், இப்போது நினைக்கையில் இங்கிலீஷ் புத்தகத்தின் எழுபது தரங்களைவிட இந்த நாலு போதும் என்று தோன்றியது, ஒவ்வொன்றையும் அட்டையைப் பார்க்காமல் முதலில் தானாகத் தரம் சொல்லிவிட்டு அப்புறம் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள், முப்பத்தெட்டிலும் அவர் எழுதியதும் அவள் சொன்னதும் ஒன்று. கிடைத்த இடம் என்று எழுதியிருப்பதில் பெரும்பாலும் ஒரே இடம்தான். தராசு. மெங்லெம்புவில் சீனர் ஒருவரின் பழைய இரும்புக் கடையில் முப்பத்தாறு வருஷம் தராசில் நின்றவர் அவர், லோரியில் வந்து கொட்டும் பழைய செம்பில், அறுந்த வயரும் உடைந்த குழாயும் கரி பிடித்த சட்டியுமாகக் கிடக்கும் குவியலில், உருக்கப் போகும் காசுகளும் கிடக்கும், ஈயம் தோண்டும் லம்பங்களில் அகப்பட்டது, ஆற்று மணலில் அள்ளியது, கிலோக் கணக்கில் வரும். கடை முதலாளியிடம், தவுக்கே நான் ஒண்ணொண்ணா எடுத்துக்கவா என்று கேட்டாராம். எடுத்துக்கொள், அதே எடைக்குச் செம்புக் கம்பி கொண்டு வந்து போடு என்றானாம் அவன். முப்பத்தாறு வருஷமும் அப்படித்தான், ஒரு காசு எடுத்தால் ஒன்பது கிராம் கம்பி, பையில் கம்பித் துண்டுகளை வைத்துக்கொண்டே வேலைக்குப் போவார், தவுக்கே பார்க்கவும் மாட்டான், இவர் தராசில் வைத்து நிறுத்துப் போட்டுவிட்டுத்தான் எடுப்பார். யாரும் பார்க்காத இடத்தில் ஒரு மனிதன் என்ன செய்கிறான். லோகநாயகி அந்த எண்ணத்தை அங்கேயே விட்டுவிட்டு லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டாள்.

ராஜா எட்வர்டின் முகம் பெரிதாகி எழுந்து வந்தது. எத்தனை ஆயிரம் தடவை பார்த்தாலும் இந்த ஒரு கணம் அவளுக்கு அலுக்கவேயில்லை, ஒன்றுமில்லாத ஒரு பழுப்புத் தகடு லென்ஸுக்குள் வந்ததும் மேடும் பள்ளமுமாக ஒரு நாடாகிவிடுவது. முதல் தடவை இப்படித்தான் ஆயிற்று. எண்பத்திநாலோ எண்பத்தைந்தோ, தோட்டத்திலிருந்து மூன்று வயதுப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், காசை விழுங்கிவிட்டது என்று, இரண்டு நாள் கழித்து அது வெளியே வந்தது, தாய் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள அருவருத்துப் போய்விட்டாள், நர்ஸ் ஒருத்தி சிரித்துக்கொண்டே கிண்ணத்தோடு லேப்பில் கொண்டு வந்து வைத்தாள், லோகநாயகி அதை ஸ்பிரிட்டில் கழுவி, வேலை இல்லாத ஒரு மத்தியானம், சும்மா, மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் வைத்துப் பார்த்தாள். இப்படியா இருக்கும் என்று அசந்து போனாள். சதுரக் காசு, ஓரம் வளைந்தது, ராஜாவின் காதுமடலில் ஒரு மடிப்பு, அதை யாரோ ஒருவன் உளியால் செதுக்கியிருக்கிறான், கண்ணுக்கே தெரியாத அளவில், யாரும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தும். அன்றைக்குப் பிடித்தது. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டாயே தனியாக என்ன செய்கிறாய் என்று அக்கா கேட்பாள், பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பாள் இவள், அக்காவுக்குப் புரியாது. பார்ப்பதுதான் அவளுக்குத் தெரிந்த ஒரே வேலை, மலேரியா ரத்தத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண், சிவப்பு அணுவுக்குள் மோதிரம் மாதிரி ஒரு சின்ன வளையம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இருந்தால் உடனே தெரிந்துவிடும், இல்லை என்று எழுதுவதுதான் கஷ்டம், சிலைடை நகர்த்தி நகர்த்தி நூறு களம் பார்க்காமல் ‘இல்லை’ என்று எழுதக் கூடாது, தொண்ணூற்றொன்பதில் ஒன்றும் இல்லாமல் நூறாவதில் இருக்கும், அவசரப்பட்டு நீ எழுதும் ‘இல்லை’யை நம்பித்தான் டாக்டர் நோயாளியை வீட்டுக்கு அனுப்புவார். முப்பது வருஷம் அவள் நூறு களம் பார்த்தாள். ஒரு நாளும் குறைத்ததில்லை. ஒரு நாளும் இல்லையா என்று யாரோ உள்ளேயிருந்து கேட்ட மாதிரி இருந்தது, அவள் அதைக் காதில் வாங்காமல் முப்பத்தொன்பதை முடித்து அடுத்ததையும் பார்த்துவிட்டு, “நாப்பது, எட்வர்டு, நடந்தது, விலை பதினெட்டு வெள்ளி,” என்று சொல்லிவிட்டுக் கோப்பியை எடுத்து ஒரு மடக்குக் குடித்தாள், ஆறிப் போயிருந்தது.

நாற்பத்தொன்று என்ன என்று அவளுக்குத் தெரியும். ஆல்பத்தைத் திறந்தபோதே தெரியும், காலையிலிருந்து அதை நோக்கித்தான் வந்துகொண்டிருக்கிறாள், வருஷ வரிசையில் வராமல் அதை எட்வர்டு காசுகளுக்குப் பின்னால் தனியாகச் செருகி வைத்திருக்கிறார், ஏன் அங்கே வைத்தார் என்று யோசித்தாள், ஒருவேளை மரியாதைக்காகவோ என்று நினைத்தாள். விக்டோரியா, மூன்றில் முடியும் வருஷம். கழகத்தில் யாரும் அந்த வருஷத்தை முழுதாகச் சொல்வதில்லை, ‘மூணு’ என்றால் போதும், பேராக் முழுக்க இரண்டு பேரிடம்தான் இருக்கிறது என்பார்கள். இருபத்திநாலு வருஷத்துக்கு முன்பு, தொண்ணூற்றெட்டில், சீனப் பள்ளி மண்டபத்தில் கழகக் கண்காட்சி நடந்தபோது வெளியூர் வியாபாரி ஒருவன் அதைக் கொண்டு வந்து பச்சைத் துணி விரித்த மேசைமேல் வைத்தான், நாலாயிரம் வெள்ளி என்றான், அசல்தானா என்று யாரோ கேட்டார்கள், தலைவர் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, நம்ம லேப் மிஸ்ஸியைக் கேட்போமே என்றார், பாதி கேலியாக, பாதி நிஜமாக. அதுவரை அவளை யாரும் எதையும் கேட்டதில்லை. கண்காட்சி நாள்களில் கோப்பி யார் போடுவது என்று வந்தால் மட்டும் திரும்பிப் பார்ப்பார்கள். மேசையில் உட்கார்ந்தாள், தலைக்கு நேர் மேலே டியூப் லைட், முதுகுக்குப் பின்னால் ஐந்து ஆண்கள் மூச்சு விடுவது கழுத்தில் பட்டது, யாரோ மணி பார்த்தார்கள், யாரோ சிகரெட் பற்ற வைத்தார்கள், எடை சரியாக இருந்தது, அளவு சரியாக இருந்தது, ராணியின் முகம் சரியாக இருந்தது, வருஷத்தைப் பார்த்தாள், மூன்று, தெளிவான மூன்று. பத்து நிமிஷத்தில், “அசல்,” என்றாள். தன் குரல் அவ்வளவு திடமாக ஒலித்ததை அவளே வியந்து கேட்டாள். ஒரு கார்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கை தட்டினார்கள். அந்தக் கார்டிலிருந்து ஆரம்பித்ததுதான் எல்லாம், மிஸ்ஸி பார்த்துச் சொன்னால் சரிதான் என்று ஈப்போவில் ஆரம்பித்துத் தைப்பிங், தெலுக் இந்தான், அப்புறம் பினாங்கு வரைக்கும். மறு வாரம் அந்தக் காசை மரியசூசை வாங்கிவிட்டார் என்று கேள்விப்பட்டாள். மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டு இரண்டு வருஷம் சைக்கிளில் வேலைக்குப் போனார், காசுப் பைத்தியம் முத்திவிட்டது என்றார்கள். வாங்கியவர் அதை ஒரு கண்காட்சியிலும் வைக்கவில்லை, கேட்டால், வீட்டுல இருக்கு என்பார், அவ்வளவுதான். அவளுக்குக் கோபமாக இருந்தது, நான் பார்த்துச் சொன்ன காசை நான்கூட இன்னொரு தடவை பார்க்க முடியாதா, என்ன அப்படி ஒரு கர்வம் என்று. இன்றைக்குப் பார்க்கப் போகிறாள். இருபத்திநாலு வருஷம் கழித்து. எடுத்தாள்.

இந்த வீட்டில் டியூப் லைட் போடவில்லை. வெளிச்சம் இடது பக்க ஜன்னலிலிருந்து வந்தது, தாழ்வாக, மழைக்கு முந்திய சாம்பல் வெளிச்சம், காசின்மேல் ஏறிப் போகாமல் படுத்துத் தவழ்ந்தது, படுத்துத் தவழும் வெளிச்சத்தில் ஒரு ஊசிமுனைப் பள்ளம்கூட நிழல் போடும். லென்ஸுக்குள் ராணி வந்தாள். அழகாக இருந்தாள். திருப்பினாள். நடுவில் பெரிய ஒன்று, சுற்றிலும் முத்து வரிசை, கீழே வருஷம். மூன்று. அவள் மூச்சு விட்டாள். அப்புறம் அந்த மூன்றின் இடது பக்கம் அவள் கண் போய் நின்றது, ஏன் நின்றது என்று முதலில் தெரியவில்லை, சிலைடில் ஒரு இடத்தில் கண் முதலில் நிற்கும், அப்புறம்தான் காரணம் தெரியும். காசின் வெற்றிடம் எங்கும் தோல் மாதிரி ஒரு நுண்ணிய கோடு ஓடும், அச்சு அடித்தபோது செம்பு நகர்ந்த தடம், அது இங்கே வந்து அறுந்தது. மூன்றின் வாய்ப்பக்கம் மட்டும் வழவழவென்று, சோப்பு போட்டுத் தேய்த்த மாதிரி, அதில் ஒரு மெல்லிய சரிவு, அந்தச் சரிவில் ஜன்னல் வெளிச்சம் ஒரு நகக்கீறல் அளவு நிழல் போட்டிருந்தது. மூன்றின் நுனிகள் உருண்டு முடியவில்லை. வெட்டினாற்போல முடிந்தன. எட்டு. இது எட்டு. எட்டின் இடது பக்க வளைவு இரண்டையும் சீவி எடுத்துவிட்டு, சீவிய இடத்துக்குக் கறுப்பு ஏற்றியிருக்கிறான் ஒருவன், அற்புதமான கை அவனுக்கு, ஆனால் எட்டு எட்டுதான், எட்டில் முடியும் காசு கிலோக் கணக்கில் கிடைக்கும். அவள் லென்ஸை எடுத்துவிட்டுக் கண்ணை மூடித் திறந்து மறுபடி வைத்தாள். எட்டு. மேசையின் விளிம்பு முழங்கையில் அழுத்தியது, பக்கத்து வீட்டில் எண்ணெயில் எதையோ கொட்டினார்கள், சோவென்று சத்தம், மழையா என்று எமில்டா எழுந்து ஜன்னலைப் பார்த்தாள், நிஜமாகவே தூறல் போட ஆரம்பித்திருந்தது, “அண்ட்டி, ஒரு நிமிஷம், கொடியில துணி கெடக்கு,” என்று பின்வாசல் பக்கம் ஓடினாள். லோகநாயகி தலையை ஆட்டினாள், அல்லது ஆட்டியதாக நினைத்துக்கொண்டாள்.

அசல் என்றேனே. திடமாகச் சொன்னேனே. நூறு களம் பார்க்கவில்லை, பத்துகூடப் பார்க்கவில்லை, காசைச் சாய்த்துப் பார்க்கவில்லை, வெளிச்சத்தை மாற்றிப் பார்க்கவில்லை, கேட்டார்களே என்ற சந்தோஷத்தில் சொல்லிவிட்டேன், முப்பது வருஷத்தில் ஒரே ஒரு நாள், அந்த ஒரு நாள்மேல்தான் மற்ற எல்லாவற்றையும் கட்டியிருக்கிறேன். அப்படியானால் அதற்கப்புறம் சொன்னவை. தைப்பிங்கில் அந்த டாக்டர் வீட்டுக் கம்பெனிக் காசு, கம்பாரில் சதுரக் காசு ஜோடி, இருநூறு கையெழுத்து இருக்குமே, முந்நூறு இருக்குமே, ஒவ்வொன்றாக அவள் மனதில் எழுந்து வரிசையில் நின்றன, ஒவ்வொன்றும் ஓரத்தில் ஒரு நிழலோடு. திங்கட்கிழமை அந்தச் சிங்கப்பூர்க்காரன் பார்ப்பான், பார்த்தவுடன் தெரிந்துவிடும், அவனிடம் என்னென்ன கருவிகளோ இருக்கும். தெரியாமல் வாங்கிக்கொண்டால். இன்னொருவன் கைக்குப் போனால். இந்தப் பாவப்பட்ட மனிதர் மோட்டாரை விற்று, சைக்கிளில் மழையிலும் வெயிலிலும் மெங்லெம்பு வரைக்கும் மிதித்து, என் வார்த்தையை நம்பி. அட்டையைத் திருப்பினாள், அவர் எழுத்தைப் பார்க்க வேண்டும் போலிருந்தது, எந்தத் தரம் போட்டிருக்கிறார் என்று, ‘முழிச்சிருக்குது’ என்றா. எடை எழுதியிருந்தார். வாங்கிய வருஷம் எழுதியிருந்தார். தரம் என்ற இடம் காலியாக இருந்தது. இதுவரை திருப்பிய அட்டைகளில் இது ஒன்றுதான் காலி. அவள் அந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், எழுத மறந்திருப்பார் என்று நினைக்கப் பார்த்தாள், மறக்கிற மனிதரா, ஒன்பது கிராம் கம்பியை மறக்காதவர். தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் எழுதாமல் விட்டிருக்கிறார். எப்போது தெரிந்தது, வாங்கி வீட்டுக்கு வந்த பிறகா, தெரிந்த பிறகும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே, ஏன் மிஸ்ஸி இப்படிச் சொன்னீங்க என்று, கழகத்தில் எத்தனை தடவை எதிரும் புதிருமாக உட்கார்ந்திருக்கிறோம், எத்தனை தடவை என் தீர்ப்புக்குத் தலையாட்டியிருக்கிறார். கர்வம் என்றல்லவா நினைத்தேன் இவரை.

“நாப்பத்தொண்ணுல நிக்கிறீங்க, இல்ல மிஸ்ஸி?” என்றார் மரியசூசை.

“ஆமாண்ணே.” அவள் அட்டையை மேசைமேல் வைத்தாள். “உங்களுக்கு எப்பத் தெரியும்?”

எது என்று அவர் கேட்கவில்லை. முழங்கால்மேல் இருந்த கைகளை ஒரு தடவை தேய்த்துக்கொண்டார். “மண்டபத்துலயே தெரியும். அந்தாளு காச எடுத்து வைக்கிறப்ப நான் கதவுப் பக்கம் நின்னேன். வெளி வெளிச்சம் பக்கவாட்டுல பட்டுச்சு, பட்டுன்னு தெரிஞ்சிருச்சு. நீங்க லைட்டுக்கு நேர் கீழ உக்காந்திருந்தீங்க. எடம் மாறி உக்காந்திருந்தா நீங்களும் பாத்திருப்பீங்க.”

“அப்பவே ஏன் சொல்லல?”

“சொல்லத்தான் கிட்ட வந்தேன். அதுக்குள்ள நீங்க கையெழுத்துப் போட்டுட்டீங்க, எல்லாரும் கை தட்டுறாங்க. அந்த நேரத்துல நான் வாயத் தொறந்தா என்னா ஆகும்? பொம்பளய நம்பிக் கேட்டோம் பாருன்னு தலைவரு சொல்லுவாரு. அதோட சரி. அப்புறம் உங்கள யாரு கூப்புடுவா?”

“அதுக்காகவா நாலாயிரம் வெள்ளி குடுத்து வாங்குனீங்க? மோட்டார வித்து?”

“அவன் அதக் கோலாலம்பூருக்குக் கொண்டு போறதா இருந்தான். உங்க கார்டோட.” அவர் சற்று யோசித்தார். “உங்களுக்காகன்னு மட்டும் சொல்ல மாட்டேன். எனக்கும்தான். கழகத்துல எல்லாரும் வெலையத்தான் பாப்பாங்க. காசப் பாக்குற ஆளு நீங்க ஒருத்தருதான் வந்தீங்க. மொதத் தப்புலயே உங்கள வெரட்டிட்டா, அப்புறம் நான் யாருகிட்டக் காட்டுறது?”

மழை இப்போது தகரத்தில் சடசடவென்று விழுந்தது. லோகநாயகிக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது, எங்கிருந்தோ சுர்ரென்று ஏறியது. “தனியா வந்து சொல்லியிருக்கலாம்ல? என்னை ஒண்ணுந் தெரியாதவளா வச்சிருந்தீங்களே இத்தன வருஷமா.”

“சொல்லியிருக்கலாம்,” என்றார் அவர். “ரெண்டு மூணு தடவ ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்தேன். சைக்கிள நிறுத்திட்டு நின்னுட்டுத் திரும்பிப் போயிட்டேன். பயம்தான். நீங்க எல்லாத்தையும் விட்டுட்டுப் போயிடுவீங்கன்னு. அது என் தப்புதான் மிஸ்ஸி.” பிறகு, ஏதோ மறந்துபோனதைச் சேர்த்துச் சொல்வது போல, “அதுக்கப்புறம் நீங்க கையெழுத்துப் போட்ட காசெல்லாம் எங்க இருக்குன்னு விசாரிச்சு விசாரிச்சுப் போய்ப் பாத்தேன். கண்ணு தெரிஞ்ச வரைக்கும். தைப்பிங் போனேன், கம்பார் போனேன். இன்னொரு தப்பு இல்ல. ஒண்ணுகூட இல்ல.”

அவள் அவரைப் பார்த்தாள். அவர் பார்வை அவள் தலைக்குச் சற்று மேலே எங்கோ இருந்தது. இருபது வருஷமாகத் தன் பின்னாலேயே ஒரு மனிதர் வந்துகொண்டிருந்திருக்கிறார், ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி, யாரோ ஒருவர் வீட்டு வாசலில் நின்று, ஐயா அந்தக் காசைக் கொஞ்சம் பார்த்துக்கலாமா என்று கேட்டு, பார்த்துவிட்டு, சரியாகத்தான் இருக்கிறது என்று நிம்மதியோடு திரும்பி வந்து, யாரிடமும் சொல்லாமல். அவளை வரிசையாக மிரட்டிக்கொண்டு நின்ற அந்த முந்நூறு காசுகளும் ஒவ்வொன்றாகத் தங்கள் இடத்துக்குத் திரும்பிப் போயின. எப்பேர்ப்பட்ட கண் என்று நினைத்தாள், எப்பேர்ப்பட்ட பொறுமை, இந்த மனிதனிடம் ஒரு லென்ஸ்கூட நல்லதாக இருந்ததில்லை, மணிக்கூண்டுப் பக்கம் கடிகாரம் ரிப்பேர் பார்ப்பவனிடம் வாங்கிய பழைய லென்ஸ், ஒரு ஓரம் உடைந்தது. கழகத்தில் நான் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தேன், இவர் கதவோரம் நின்றார். அவளுக்குக் கோபம் இன்னும் இருந்தது, ஆனால் அதற்குள்ளேயே இன்னொன்றும் இருந்தது, அதற்கு அவளிடம் பெயர் இல்லை.

“எமில்டா வர்றதுக்குள்ள அத எடுத்துக் கைப்பையில போட்டுக்குங்க,” என்றார் மரியசூசை, குரலைத் தாழ்த்தி. “நூத்தி பதினொண்ணுன்னு போட்டுடலாம். புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது. எங்கயாவது ஆத்துல வீசிடுங்க.”

கைப்பை அவள் மடியில்தான் இருந்தது. வாய் திறந்திருந்தது. காசு உள்ளங்கையில் இருந்தது, ஒன்பது கிராம்தான், கையை மடக்கினால் போதும், நாற்பத்தொன்றாவது இடத்தில் நாற்பத்திரண்டு வந்துவிடும், திங்கட்கிழமை வந்துவிட்டுப் போய்விடும், அவள் பெயர் அப்படியே இருக்கும், இருபத்திநாலு வருஷமாக இவர் பிடித்து வைத்திருந்தது போல. யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. அப்படி நினைத்துப் பார்த்தாள், முழுவதும் நினைத்துப் பார்த்தாள், ஆற்றுப் பாலத்தில் தான் நிற்பதுவரைக்கும், கையை நீட்டுவதுவரைக்கும். அந்தக் கையை அவளுக்குப் பிடிக்கவில்லை. எனக்காக ஒருவர் இருபத்திநாலு வருஷம் ஒரு பொய்யைத் தன் வீட்டில் வைத்துக் காவல் காத்தார், போதும், இனி நானும் அதைச் சுமந்துகொண்டு போய்த் தண்ணீரில் போட வேண்டுமா, போட்டால் அது போய்விடுமா. பின்வாசலில் செருப்பை உதறும் சத்தம் கேட்டது. எமில்டா நனைந்த துணிகளை நாற்காலியில் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். “சொல்லுங்க அண்ட்டி.”

“நாப்பத்தொண்ணு,” என்றாள் லோகநாயகி. “மெதுவாச் சொல்றேன், அப்படியே அடி. விக்டோரியா ஒரு காசு. எட்டுல முடியிற வருஷம். கடைசி எண்ணு பின்னால மூணாச் செதுக்கப்பட்டது. தொண்ணூத்தெட்டுல இதே காச அசல்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தது நான். அது தப்பு. இதக் கண்டுபிடிச்சது மரியசூசை.”

எமில்டாவின் விரல்கள் நின்றன. அப்பாவைப் பார்த்தாள், அப்புறம் இவளைப் பார்த்தாள். “அண்ட்டி, இதெல்லாம் பட்டியல்ல போடணுமா? அந்தாளு படிப்பாரே.”

“படிக்கட்டும். போடு.”

கீபோர்டு சத்தம் நெடுநேரம் கேட்டது போலிருந்தது. லோகநாயகியின் காது மடல்கள் சூடாக இருந்தன, பள்ளிக்கூடத்தில் எழுப்பி நிற்க வைத்தாற்போல, திங்கட்கிழமைக்கு அப்புறம் எத்தனை பேர் கூப்பிடுவார்கள், எத்தனை பேர் கூப்பிட மாட்டார்கள் என்று மனம் கணக்குப் போடப் போயிற்று, போய்விட்டுப் பாதியில் திரும்பி வந்துவிட்டது.

“தரம், நடந்தது,” என்றாள். “விலை, மூணு வெள்ளி.”

“மூணு ஜாஸ்தி,” என்றார் மரியசூசை.

அவள் திரும்பினாள்.

“ஓரத்துல ஒரு அடி இருக்கு. ராணி கொண்டைக்குப் பின்னால. சாய்ச்சுப் பாருங்க.”

லோகநாயகி லென்ஸைக் கண்ணில் வைத்துக் காசை ஜன்னல் பக்கமாக மெல்லச் சாய்த்தாள், ஓரத்தைச் சுற்றிக்கொண்டே போனாள், கொண்டைக்குப் பின்னால் வந்ததும் கடுகில் பாதி அளவுக்கு ஒரு நசுங்கல் வெளிச்சத்தைப் பிடித்துக் காட்டியது. அவள் அதைப் பார்க்கவேயில்லை, அன்றைக்கும் பார்க்கவில்லை, இன்றைக்கும்.

“ஆமாண்ணே. இருக்கு.”

“ரெண்டு போடுங்க.”

எமில்டா மூன்றை அழித்துவிட்டு இரண்டு என்று அடித்தாள். லோகநாயகி அந்தக் காசைத் திரும்ப அதன் உறைக்குள் வைத்தாள், நாற்பத்திரண்டாவதை எடுத்தாள், லென்ஸைக் கீழே வைத்துவிட்டு அதை முதலில் அவர் உள்ளங்கையில் வைத்தாள்.